சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தம்

சர்ர்ர்... டொக். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. மறுபடியும் சர்ர்ர்... டொக். கனமான ஏதோ ஒன்றை யாரோ தரையோடு இழுத்து, நிறுத்தி, மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இழுப்பது மாதிரியான அந்தச் சத்தம், ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் தெருவில் இருந்த எங்கள் வீட்டின் கூடத்துச் சுவர் வழியாக, தெரு அடங்கிய பிறகு தலையணை வரைக்கும் வந்து சேரும். சுவரில் காதை வைத்தால் சில்லென்று இருக்கும், சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறும், காதை எடுத்தால் கன்னத்தில் வெள்ளை ஒட்டியிருக்கும். காலையில் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான் மூன்று பேர் கன்னத்திலும் வெள்ளை இருக்கும். நான் ஒட்டுக்கேட்கவே இல்லை என்று மூன்று பேரும் சாதிப்போம். அப்படிப்பட்ட குடும்பம் எங்களுடையது.

அந்தச் சத்தத்துக்குள் ஒரு பெண்ணின் கல்யாணம் சிக்கிக்கொண்டு கிடந்தது. என் பெரியப்பா மகள் கோமதி அக்காவின் கல்யாணம். அது தெரியாமல் நாங்கள் அந்தச் சத்தத்தோடு மல்லுக்கு நின்றோம். இளமைக்காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் கண் கலங்கி எழுதுகிறார்கள். எனக்கு அந்த வீட்டை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது, எனவே படிக்கிறவர்கள் என்னிடம் பெரிதாகப் பாசத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

தாத்தா போன மறு வருஷமே அப்பாவும் பெரியப்பாவும் வீட்டைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். யாருக்கு எந்தப் பாதி என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதில், வாசல் இருந்த பாதி பெரியப்பாவுக்குப் போய்விட்டது. எங்கள் பாதிக்கு வாசலே கிடையாது. தெருப்பக்கத்து ஜன்னலை இடித்து, அதில் ஒரு கதவைப் பொருத்தி, குனிந்து போய் நிமிர்ந்து வந்தோம். தெருவில் எங்களுக்கு "ஜன்னல் வீட்டுக்காரங்க" என்று பெயரே விழுந்துவிட்டது. பால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அப்பா வக்கீல் குமாஸ்தா. ஊரார் சொத்து வழக்கையெல்லாம் கட்டு கட்டாகச் சுமந்து திரிந்த மனுஷருக்குச் சொந்த வீட்டில் ஜன்னல் வழியாக ஏறி இறங்குவது பொறுக்குமா? "சீட்டை மடிச்ச விதத்துலயே சூது இருக்கு. அவன் கை எதை எடுக்கணும்னு அவனுக்குத் தெரியும்" என்று, சாப்பிடும்போது, குளிக்கும்போது, செருப்பு மாட்டும்போது, எப்போது பார்த்தாலும் அதே பாட்டு.

நடுச்சுவர் எழுப்பும்போது அடுத்த கூத்து. கொத்தனார் ஒன்பது அங்குலச் சுவர் வைக்கலாம் என்றார். அந்த ஒன்பது அங்குலத்தில் பாதிப் பாதியை இரண்டு பேரும் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் முடியாது என்று விட்டார்கள். கடைசியில் செங்கலை ஒற்றையாக அடுக்கி, பூசி, சுண்ணாம்பு அடித்துவிட்டு, "இது சுவரில்லைங்க, தட்டி. அந்தப் பக்கம் தும்மினா இந்தப் பக்கம் நூறுன்னு சொல்லலாம்" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார் கொத்தனார். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக் கூடாது என்று கட்டிய சுவர், இடத்தை மிச்சம் பிடித்ததால், ஒருவர் கொட்டாவியை இன்னொருவர் கேட்கும்படி ஆயிற்று. இந்த மாதிரி முட்டாள்தனம் அண்ணன் தம்பிகளுக்குத்தான் வாய்க்கும்.

பேச்சு வார்த்தை கிடையாது. ஆனால் பேசாமலும் இருக்க முடியாதே! அதற்குத்தான் "ஜாடை" இருந்தது. கொல்லையில் கிணற்றுக்கு நடுவிலும் அதே சுவர் குறுக்கே ஓடும். பாதிக் கிணறு அவர்களுக்கு, பாதி எங்களுக்கு. இரண்டு வீட்டுக்கும் பொதுவாகத் திரிந்த ஒரு சாம்பல் பூனை இருந்தது. பெரியம்மாவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அம்மா அந்தப் பூனையிடம் சொல்லுவாள். "ஏ மூதேவி, குளிச்ச தண்ணிய வாய்க்கால்ல விடாம என் பக்கம் விட்டா வாலை ஒட்ட நறுக்கிடுவேன்" என்றால் அது பூனைக்கு இல்லை என்று பூனைக்கே தெரியும். சிறிது நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து பெரியம்மா ஒரு குடத்தையோ துடைப்பத்தையோ பிடித்துக்கொண்டு பதில் கொடுப்பாள். அம்மாவும் பெரியம்மாவும் நேருக்கு நேர் பேசியதை நான் பார்த்ததே இல்லை, ஆனால் அவர்கள் அளவுக்குத் தினம் தவறாமல் பேசிக்கொண்ட இரண்டு பேரையும் நான் பார்த்ததில்லை.

இந்த நிலைமையில்தான், நான் ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்த வருஷம் ஆடி மாதத்தில், அந்தச் சத்தம் ஆரம்பித்தது. முதலில் எலி என்றோம். எலிப்பொறி வைத்ததில் மசால்வடை காய்ந்து போனதுதான் மிச்சம். பிறகு மரநாய் என்றோம். மரநாய் கூரையில் ஓடுமே தவிரக் கூடத்தில் சாமானை இழுக்காது. அம்மாவுக்குப் பேய் பிசாசில் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. "ஆடி மாசம், வெள்ளிக்கிழமை, கேக்கவா வேணும்" என்று வாசலாகிவிட்ட அந்த ஜன்னலில் வேப்பிலையைச் செருகி வைத்தாள். அப்பாவின் முடிவு வேறு. "பேயாவது பிசாசாவது! அவன் சுவரை நகத்துறான்டி" என்றார்.

சிரிக்காதீர்கள். அவர் நிஜமாகவே அதை நம்பினார். அண்ணன் ராத்திரியில் சுவரின் அடியைச் சுரண்டி, ஒவ்வொரு செங்கலாக இந்தப் பக்கம் தள்ளி, எங்கள் கூடத்தை விழுங்கப் பார்க்கிறான் என்பது அவர் கட்சி. சுவரை ஒட்டித் தரையில் பென்சிலால் கோடு போட்டு, காலையில் எழுந்து பல்கூட விளக்காமல் ஸ்கேலை வைத்துப் பார்ப்பார். "சுவரை எப்படிப்பா நகத்த முடியும்?" என்று நான் கேட்டேன். "உனக்கு அவனைப் பத்தித் தெரியாது" என்றார். அந்த நாட்களில் பெரியப்பா வெளியிலேயே தலை காட்டவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பாத்திரக் கடைக்கு வேலைக்குப் போகிறவர், கடைக்கும் போகவில்லை. மஞ்சள் காமாலை, கீழாநெல்லி கொடுக்கிறோம், உப்பில்லாப் பத்தியம், யாரும் வந்து பார்க்கக் கூடாது என்று பெரியம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அதுவே அப்பாவுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. "காமாலைக்காரன் பகல்ல படுத்துக்கிட்டு ராத்திரியில சுவரைச் சுரண்டுறானா?"

கோடு நகரவில்லை. ஆனால் சத்தம் நிற்கவில்லை. அப்போது அப்பாவுக்கு இன்னொன்று தோன்றியது. இது நம்மைத் தூங்கவிடாமல் அடிக்க வேண்டும் என்றே செய்கிற வேலை, இது ஜாடை, ஆண்பிள்ளை ஜாடை. அவ்வளவுதான், எங்கள் வீட்டு மாவரைக்கிற கிரைண்டர் கூடத்துக்கு வந்துவிட்டது. சமையலறையில் கிடந்த அந்தக் கருங்கல் கிரைண்டரை அப்பாவே கட்டிப்பிடித்துத் தூக்கி வந்து சுவரோடு சுவராக ஒட்டி வைத்தார். "சர்ர்ர்" என்று அங்கே கேட்டதும் இங்கே சுவிட்சைத் தட்டுவார். கடகடவென்று கல் சுற்றும், சுவர் அதிரும், மாடத்தில் இருக்கும் சாமி படங்கள் ஆடும். சும்மா ஓட்டினால் கல் தேய்ந்துவிடுமே என்று அம்மா தினமும் அரிசி உளுந்து ஊறப்போட, காலையில் இட்லி, மத்தியானம் இட்லி, ராத்திரி தோசை, மிஞ்சியதில் பணியாரம். தெருவில் இருந்த எல்லார் வீட்டுக்கும் மாவு போனது, அந்த ஒரு வீட்டைத் தவிர. எனக்குப் பள்ளிக்கூடத்தில் புளித்த ஏப்பம் வந்து மானம் போயிற்று.

அப்படி ஒரு ராத்திரி கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் "தொப்"பென்று ஒரு பெரிய சத்தம். கூடவே ஒரு பித்தளைச் சாமான் உருண்டு உருண்டு ஓய்ந்தது. ஒரு குரல்கூட வரவில்லை. வேறு வீடாக இருந்தால் ஐயோ அம்மா என்று யாராவது கத்தியிருப்பார்கள். மூச்சு விடும் சத்தம்கூட இல்லாமல் அவர்கள் அப்படியே இருந்தார்கள். அப்பா சுவிட்சை நிறுத்தினார். "வாங்கிக் கட்டிக்கிட்டான்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் கொஞ்ச நாள் சத்தமே இல்லை. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று அம்மா ரவா கேசரி கிண்டினாள்.

சத்தம் திரும்பி வந்தபோது, முன்னைவிட மெதுவாக, முன்னைவிடப் பயந்து வந்தது. அப்பா அன்றைக்கு வழக்கு விஷயமாக மதுரைக்குப் போயிருந்தார். அம்மா அசந்து தூங்கிவிட்டாள். எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. கூடத்தின் மேலே குறுக்காக ஒரு தேக்கு உத்திரம் ஓடும். வீட்டைப் பிரித்தவர்களால் உத்திரத்தைப் பிரிக்க முடியாததால், சுவர் அதன் அடியோடு நின்று போய், உத்திரத்தின் இரண்டு பக்கமும் கை நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது. அணில் போக வர இருக்கும். நான் பரண் மேல் ஏறி, பழைய பாத்திரங்களுக்கு நடுவே தவழ்ந்து போய், அந்தச் சந்தில் கண்ணை வைத்தேன். பேய் இருந்தால் என்ன செய்வது என்று யோசித்து வைத்திருக்கவில்லை.

பேய் இல்லை. பெரியப்பா இருந்தார். அவருடைய வலது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. முன்னால் ஒரு மர முக்காலி. இடது கையால் அதைத் தள்ளுகிறார், சர்ர்ர். வலது காலை இடுப்போடு தூக்கிக் கொண்டுவந்து போடுகிறார், டொக். பெரியம்மா ஒரு சிம்னி விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கிறாள். கோமதி அக்கா அவருடைய வேட்டி மடிப்பை முதுகுப் பக்கம் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை. அவர் நெற்றியில் காய்ந்த காயம் ஒன்று இருந்தது. அது எங்கள் கிரைண்டர் கொடுத்த காயம்.

என் முழங்கை பட்டு ஒரு தாம்பாளம் கணீரென்றது. பெரியப்பா அப்படியே நின்றுவிட்டார். கோமதி அக்கா நிமிர்ந்து சந்தைப் பார்த்தாள். என் கண்ணைப் பார்த்துவிட்டாள். பெரியப்பாவின் வேட்டியை ஒரு கையால் விடாமல், விளக்கு வெளிச்சத்தில், இன்னொரு கையை மட்டும் நெற்றிக்கு நேரே உயர்த்திக் கும்பிட்டாள். காலேஜ் முடித்த பெண், பாவாடை சட்டை போட்ட என்னை. சொல்லாதே என்றுதான் அந்தக் கும்பிடு என்பது எனக்குப் புரிந்தது. ஆனால் என் வயிற்றில் எதுவும் தங்காது. இறங்கி வந்து அம்மாவை உலுக்கி எழுப்பிச் சொல்லிவிட்டேன்.

அம்மா எழுந்து உட்கார்ந்து, கூந்தலை முடிந்துகொண்டாள். பிறகு, "அடிப்பாவி, முசிறி சம்பந்தம்!" என்றாள். அவளுக்குத் தெரியாத தெருச் செய்தி கிடையாது. கோமதி அக்காவுக்கு முசிறியில் ஒரு வாழைத் தோப்புக்காரர் வீட்டில் இடம் பார்த்திருந்தார்கள், ஆவணி பிறந்ததும் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. பெண்ணின் அப்பாவுக்குப் பக்கவாதம், வாய் கோணிவிட்டது, கால் இழுக்கிறது என்று தெரிந்தால் "பரம்பரை வியாதி" என்று ஒரே வார்த்தையில் எழுந்து போய்விடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்று தன் கால்களால் நாலடி நடந்து போய் "வாங்க" என்று சொல்ல வேண்டும், அதற்காகத்தான் பெரியப்பா ராத்திரியெல்லாம் நடந்து பழகியிருக்கிறார். பகலில் பழகினால் தெருக்காரர்கள் வருவார்கள் போவார்கள். எல்லாவற்றுக்கும் மேல், சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருந்தோம். ஊரில் இருக்கிற எல்லாரையும்விட அவர்கள் பயந்தது எங்களுக்குத்தான்.

மதுரையிலிருந்து வந்ததும் அப்பாவிடம் அம்மா சொன்னாள். "நல்லா வேணும்" என்றார் அப்பா. சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றாமல் அப்படியே நின்றார். அப்புறம் சத்தம் போட ஆரம்பித்தார். "என்ன திமிர் இருந்தா இத்தனை நாள் மூடி வெச்சிருப்பான்! கூடப் பொறந்தவன் ஒருத்தன் செவுத்துக்கு இந்தப் பக்கம் கல்லாட்டம் இருக்கேன், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சொன்னா ஊர் முழுக்கத் தம்பட்டம் அடிச்சிடுவேனா?" அம்மா அவர் முகத்தைப் பார்த்து, "அடிச்சிருப்பீங்க" என்றாள். அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. கிரைண்டர் மட்டும் சமையலறைக்குத் திரும்பிப் போனது.

மறுநாள் காலை அம்மா கிணற்றடிக்குப் போய்ப் பூனையைத் தேடிப் பிடித்தாள். எனக்கு இன்றைக்கும் அந்தக் குரல் காதில் நிற்கிறது. வழக்கமான வசவுக் குரல், ஒரு இழை குறையவில்லை. "ஏ சனியனே, வழவழன்னு இருக்கிற சிமெண்டுத் தரையில குதிச்சுக் குதிச்சு இடுப்பை ஒடைச்சுக்கப் போற. கோணிச் சாக்கை நனைச்சு விரிச்சுக்கிட்டா காலு வழுக்காது, சத்தமும் கேக்காது. இதுகூட ஒருத்தி சொல்லித் தரணுமா உனக்கு? நல்லெண்ணெய்ல பூண்டு காய்ச்சி முட்டியில தேய்க்கணும்னு தெரியாது, வந்துட்டா பெரிய பூனை!" அந்தப் பக்கம் வாளி கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது பாதியில் நின்றது. பெரியம்மா பதிலுக்கு எதையும் திட்டவில்லை. அன்று ராத்திரி சத்தம் மாறிப் போயிருந்தது. இழுப்பது கேட்கவில்லை, காலை ஊன்றும் சத்தம் மட்டும் பொத்தென்று மெத்தையாகக் கேட்டது. எதிர்வீட்டம்மா ஒருநாள் வந்து, ராத்திரியில் உங்கள் பக்கம் ஏதோ சத்தம் கேட்கிறதே என்று துருவியபோது, "எங்க வீட்டுக் கிரைண்டர்தாங்க, ஆட்டம் கொடுக்குது" என்று அம்மா கூசாமல் சொன்னாள்.

ஆவணி பிறந்தது. பெண் பார்க்க வருவதற்கு முன்னால், முசிறியிலிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமா தனியாக வந்தார். சம்பந்தம் பேசுகிற இடத்தில் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிற காரியம்தான். விவரமானவர்கள் சிநேகிதர் வீட்டில் விசாரிக்க மாட்டார்கள். பங்காளி வீட்டில்தான் விசாரிப்பார்கள். குறை எதுவும் இருந்தால் பங்காளி வாயில் தங்காது என்பது அவர்கள் கணக்கு. அந்த ஆள் நேராக எங்கள் ஜன்னல் வாசலில் குனிந்து உள்ளே வந்தார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அம்மா மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"உங்க அண்ணன் வீட்டைப் பத்தித்தாங்க" என்று ஆரம்பித்தார் முசிறிக்காரர். "அவனைப் பத்தி என்கிட்டயே வந்து கேக்குறீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?" என்று அப்பா பிடித்துக்கொண்டார். சீட்டு மடித்த கதை, ஜன்னல் இடித்த கதை எல்லாம் வந்தது. முசிறிக்காரர் சிரித்துக்கொண்டே, அதெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான், உடம்பு எப்படி, ஏதோ காமாலை என்கிறார்களே என்று தூண்டில் போட்டார். அப்பா எழுந்து நின்றுவிட்டார். "காமாலையா? காமாலைக்காரன் ராத்திரி பூராக் கூடத்துல நடப்பானாங்க? என்னைத் தூங்கவிடக் கூடாதுன்னே திம் திம்முனு நடக்குறான். இந்தத் தெருவே சாட்சி. அந்தக் காலை ஒடைச்சாத்தான் எனக்கு நிம்மதி." பெண்ணைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் குரல் இறங்கியது. "அது என்ன பண்ணும்? தங்கமான பொண்ணு. அந்த வீட்ல போய்ப் பொறந்திருக்கு" என்றார். முசிறிக்காரர் மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் திருப்தியாகப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் அம்மா, "ஏங்க, நல்லதா நாலு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். "நல்லதாச் சொன்னா நம்புவானா? பங்காளி நல்லது சொல்றான்னா உள்ள என்னமோ இருக்குன்னு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சிருப்பான்" என்றார் அப்பா. பொய் சொல்லிக் கட்டிவைத்த கல்யாணம் என்று யாராவது நியாயம் பேசலாம். கால் இழுக்கிற அப்பனுக்காகப் பெண்ணை வேண்டாம் என்று எழுந்து போகிறவர்களிடம் என்ன நியாயம் வேண்டிக்கிடக்கிறது?

அன்று சாயங்காலம் அப்பா தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஜாடை பேசினார். என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "வாயில வெத்தலையைக் குதப்பிக்கிட்டு நாலு வார்த்தை பேசுறவனை எவன் கண்டுபிடிப்பான்? வாய் கோணுறது வெத்தலைக்குத்தான்னு நெனைப்பான், இல்லம்மா?" என்று என்னிடம் கேட்டார். நான் வெற்றிலை போடுகிற வயசில் இல்லை. இருந்தாலும், ஆமாம்ப்பா என்று உரக்கச் சொன்னேன்.

பெண் பார்க்க வந்த அன்று நாங்கள் மூன்று பேரும் எங்கள் பக்கத்துக் கூடத்தில் கன்னத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு யாரும் வெட்கப்படவில்லை. கார் வந்து நின்ற சத்தம், செருப்புகள் கழற்றும் சத்தம், அப்புறம் நாற்காலி நகர்ந்து ஒருவர் எழுந்திருக்கும் சத்தம். ஊன்றும் சத்தம் ஒன்று. அப்புறம் ஒன்று. அப்பாவின் வலது கால், உட்கார்ந்த வாக்கிலேயே, அந்தச் சத்தத்தோடு கூடக்கூட முன்னால் நகர்ந்தது. "வாங்க, வாங்க, வாங்க" என்று வெற்றிலை நிறைந்த வாயால் பெரியப்பா சொன்னது தெளிவாகக் கேட்டது. அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். சம்பந்தம் அன்றைக்கே முடிவாகிவிட்டது.

இத்தோடு கதை நல்லபடியாக முடிந்திருக்கலாம். எங்கள் குடும்பத்தில் அதெல்லாம் நடக்குமா? தெருவில் ஒரு வீடு விடாமல் கல்யாணப் பத்திரிகை போனது. பால்காரருக்குப் போனது. எங்களுக்கு வரவில்லை. அப்பா தன் மயில்கண் வேட்டியை இஸ்திரிக்காரரிடம் கொடுத்துத் தேய்த்து வாங்கி, ஆணியில் மாட்டி வைத்துவிட்டு, தினமும் ஜன்னல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்று விடியற்காலையில் வேன் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. அந்தப் பக்கம் பூட்டிய வீட்டின் நிசப்தம். "நான் பேசினதை அப்படியே போய் ஒப்பிச்சிருக்கான் அந்த முசிறிக்காரன். திட்டினது மட்டும் இவன் காதுல ஏறியிருக்கு. எதுக்குத் திட்டினேன்னு யோசிக்க அவனுக்கு மூளை ஏது?" என்றார் அப்பா. அவர்கள் திரும்பி வந்த ராத்திரி, கிரைண்டரை மறுபடி தூக்கிக்கொண்டு வந்து சுவரோடு வைத்தார். மாவில்லாமல் வெறும் கல்லை ஓட்டினார்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவே இல்லை. பெரியப்பா போனபோது அப்பா தெருவில் எதிர்ச்சாரியில், வெயிலில், செருப்பில்லாமல் நின்றார். தோள் கொடுக்கக் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, யாரும் கூப்பிடவில்லை.

இப்போது அந்த வீடும் இல்லை, சுவரும் இல்லை. இரண்டு பாதியையும் சேர்த்து ஒரு பில்டர் வாங்கி, கீழே கார் நிறுத்துகிற இடமும் மேலே நாலு மாடியுமாகக் கட்டிவிட்டார். கிணற்றை மண் போட்டு மூடிவிட்டார்கள். அம்மாவும் பெரியம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். நான் எடமலைப்பட்டி புதூரில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறேன், அப்பா என்னோடு இருக்கிறார். மேல்வீட்டில் ராத்திரி நாற்காலியை இழுத்தால் இங்கே யாரும் சுவரில் காது வைப்பதில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் கைகூப்பிய பொம்மையோடு ஒரு புகார் போடுகிறார்கள், அவர்களும் ஸாரி என்று போட்டுவிடுகிறார்கள். யார் வீட்டில் யாருக்குக் கால் விளங்கவில்லை என்று யாருக்கும் தெரியாது. சண்டைக்காரர்கள்கூட இல்லாத கட்டிடம்.

போன மாதம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில், முசிறி பஸ் நிற்கிற இடத்தில், கோமதி அக்காவைப் பார்த்தேன். தலை பாதி நரைத்துவிட்டது. இரண்டு பேரும் கொஞ்சம் தயங்கி, பிறகு கையைப் பிடித்துக்கொண்டோம். எத்தனையோ வருஷமாக நெஞ்சில் கிடந்ததை நான் கேட்டேவிட்டேன். உன் கல்யாணத்துக்காக அப்படிப் பேசினாரே எங்கப்பா, அவருக்கு ஒரு பத்திரிகை வைக்க உங்கப்பாவுக்கு மனசில்லையா என்று. அக்கா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "அப்பாவுக்கு எல்லாம் தெரியும்டி. அந்த முசிறி மாமா வந்து சொன்னப்ப, ஒத்தக் கையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாரு. பத்திரிகை வெச்சு, சித்தப்பா வந்து, ரெண்டு பேரும் ஒண்ணா நின்னா, பேசி வெச்சுக்கிட்டுப் பொய் சொல்லியிருக்காங்கன்னு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சு போயிடாதா? கொஞ்ச நாள் போகட்டும், நானே போய்க் கையைப் பிடிச்சிக்கிறேன்னாரு." அப்புறம் ஏன் வரவில்லை என்றேன். "மறுபடி கிரைண்டர் ஓட ஆரம்பிச்சிருச்சே. தம்பிக்கு நெசமாவே கோபம்போலன்னு இருந்துட்டாரு" என்றாள். இதில் இன்னொரு கொடுமை, கல்யாணமான வருஷமே முசிறி வீட்டில் விஷயம் தெரிந்துபோய், யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். மாமியாரே தைலம் காய்ச்சிக் கொடுத்தனுப்பினார்களாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் பஸ் ஸ்டாண்டு என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். அப்படியானால் நீயாவது வந்து எங்கப்பாவிடம் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றேன். "கட்டிக்குடுத்த பொண்ணு நான் எந்த வீட்டுக்குன்னு வருவேன்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். ஏறுவதற்கு முன் அவள் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். இப்போதெல்லாம் அவருக்குக் காது மந்தம். எல்லாவற்றையும் உரக்க, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு, "பொய். அவனுக்கு அவ்வளவு மூளை கிடையாது. அப்பனை விட்டுக்குடுக்காம சொல்லியிருக்கா" என்றார். அத்தோடு விஷயம் முடிந்தது என்று நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். சாதம் போட்டுக் கூப்பிட்டபோது எழுந்து வரவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடியே, "அவ நம்பர் வாங்கினியா? போட்டுக் குடு" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். மறுமுனையில் அக்கா "யாரு?" என்றது எனக்கே கேட்டது. அப்பா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஊரையே கூட்டுகிற மாதிரி கத்தினார். "ஏய், நான் உன் சித்தப்பன் பேசுறேன். உன் கல்யாணத்துக்குத்தான் என்னைக் கூப்பிடல. என் சாவுக்காச்சும் வந்து சேரு. வரும்போது மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா, தோள் குடுக்க ஆளில்ல."

அவ்வளவுதான் பேசினார். பிறகு போனை என்னிடம் நீட்டினார், எப்படி நிறுத்துவதென்று அவருக்குத் தெரியாது. நான் காதில் வைத்துப் பார்த்தேன். அக்கா அழுதுகொண்டிருந்தாள்.